சாய்ஸில் விடுதல்: பத்தாம் வகுப்புக் கணிதம் குறித்து ஓர் ஆய்வுரை

பத்தாம் வகுப்பு அரசுப் பொதுத்தேர்வின் கணித வினாத்தாள் 100 மதிப்பெண்ணுக்கு உரியது என்று அதன் முகப்பில் அச்சிடப்பட்டிருந்தாலும், உள்ளே இருக்கும் வினாக்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் 144 மதிப்பெண் தேறுகிறது. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14இல் எதையும் விட முடியாது. இரண்டு மதிப்பெண் வினாக்கள் 14இல் 10க்கும், ஐந்து மதிப்பெண் வினாக்கள் 14இல் 10க்கும் விடையளித்தால் போதும். எட்டு மதிப்பெண் பகுதியில் வடிவியல் வரைதலில் இரண்டில் ஒன்றும் வரைபடத்தில் இரண்டில் ஒன்றும் எழுதினால் போதும். ஆகவே 44 மதிப்பெண்ணுக்கான வினாக்களைத் திரும்பிக்கூடப் பாராமல் ஒரு மாணவர் சென்டம் வாங்கிவிடலாம் என்பது வினாத்தாளின் அமைப்பிலேயே அடங்கியிருக்கும் உண்மையாகும். விருதுநகரிலும் சிவகாசியிலும் சாத்தூரிலும் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் தை பிறந்ததிலிருந்து பங்குனி முடியும்வரை நடக்கும் பேச்சு முழுவதும், படிக்க வேண்டிய நூறை விட்டுவிட்டு, விடத்தக்க இந்த நாற்பத்துநான்கைச் சுற்றியே நடைபெறுகிறது. வடிவியல், நிகழ்தகவு, புள்ளியியல் ஆகிய மூன்றில் எதைச் சாய்ஸில் விடுவது உத்தமம் என்ற வினாவை எடுத்துக்கொண்டு, அதற்கு ஐயத்துக்கு இடமில்லாத ஒரு விடையை இறுதியில் நிறுவுவதே இவ்வாய்வுரையின் நோக்கம்.

விடுவதற்கு எத்தனை வழிகள் உள்ளன என்பதை முதலில் கணக்கிட வேண்டும். இரண்டு மதிப்பெண் பகுதியில் 28ஆவது வினாவும் ஐந்து மதிப்பெண் பகுதியில் 42ஆவது வினாவும் கட்டாய வினாக்கள்; அதாவது மாணவர்களும் பெற்றோரும் டியூஷன் ஆசிரியர்களும் ஒருசேர வெறுக்கும் வினாக்கள். அவற்றை நீக்கிவிட்டால் ஒவ்வொரு பகுதியிலும் மீதமுள்ள 13 வினாக்களில் 9ஐத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. வரிசையைப் பொருட்படுத்தாமல் ஒரு கூட்டத்திலிருந்து சிலவற்றைப் பொறுக்கி எடுப்பதற்குக் கணிதத்தில் சேர்வு என்று பெயர். அந்த முறைப்படி 13இல் 9ஐ எடுக்க 715 வழிகள் உள்ளன. இரண்டு பகுதிகளுக்கும் சேர்த்து 715ஐ 715ஆல் பெருக்கி, எட்டு மதிப்பெண் பகுதியின் நான்கு வழிகளாலும் பெருக்கினால், ஒரு மாணவர் தம் வினாத்தாளைச் சாய்ஸில் விடத்தக்க வழிகள் 20,44,900 என்று ஆகிறது. வினாத்தாளைப் படித்துப் பார்க்கத் தேர்வுத்துறை கொடுத்திருக்கும் நேரமோ பத்து நிமிடம். ஒரு நொடிக்கு ஏறத்தாழ 3,400 வழிகளைப் பரிசீலித்தால்தான் அதற்குள் முடியும். சேர்வு என்னும் பாடம் பதினோராம் வகுப்பில்தான் வருகிறது என்பதால், பத்தாம் வகுப்பு மாணவருக்குத் தம்முடைய இந்த நெருக்கடியின் அளவு தெரியாமல் காக்கப்படுகிறது. இது பாடத்திட்டக் குழுவின் கருணை என்றே கொள்ள வேண்டும்.

பாடநூலில் மொத்தம் எட்டு இயல்கள். வடிவியல் நான்காவது, புள்ளியியலும் நிகழ்தகவும் சேர்ந்து எட்டாவது. கடைசி இயலாகப் பிறந்தது அதன் விதி. ஜூன் மாதத்து உற்சாகம் உறவுகளுக்கும் சார்புகளுக்கும் போய்ச் சேர்கிறது. தீபாவளியை ஒட்டிய நாட்கள் விருதுநகர் மாவட்டத்தில் எந்தப் பாடத்துக்கும் உரியவை அல்ல. அரையாண்டுத் தேர்வு முடிந்து திருப்புதல் தேர்வுகள் தொடங்கும் அவசரத்துக்கு நடுவே, நிகழ்தகவு ஒரு வாரத்தில் நடத்தி முடிக்கப்படுகிறது. நிகழ்தகவு என்பது, சமவாய்ப்புள்ள விளைவுகளில் நமக்குச் சாதகமானவற்றின் எண்ணிக்கையை மொத்த விளைவுகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைக்கும் எண். எனவே அது 0க்குக் குறையாது, 1ஐத் தாண்டாது. இதை அறிவதற்கு முன்பே மாணவர் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிடுகிறார் என்பதுதான் வியப்பு. நிகழ்தகவிலிருந்து வினா வருவதற்கான நிகழ்தகவு குறைவு என்று மதிப்பிட்டு, நிகழ்தகவைப் படிக்காமல் விடுகிறார். அவ்வாறு மதிப்பிட அவருக்கு நிகழ்தகவு தெரிந்திருக்க வேண்டும் என்பதை அவரிடம் எவரும் எடுத்துச் சொல்வதில்லை.

இதற்கான கள ஆய்வு சென்ற மாதம் மேற்கொள்ளப்பட்டது. அதன் எரிச்சல் இன்னும் ஆறவில்லை. சிவகாசி அச்சகம் ஒன்றில் நெடுங்காலம் புரூஃப் பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரை (ஆய்வு நெறி கருதி அவருடைய பெயரும், அவருக்கும் இவ்வாய்வுரையின் ஆசிரியருக்கும் உள்ள தொடர்பும் இங்கே மறைக்கப்படுகின்றன) பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு வடிவியல் சொல்லிக்கொடுக்குமாறு கேட்டுக்கொண்டனர். அவர் தேல்ஸ் தேற்றத்தை எடுத்துக்கொண்டார். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையாக வரையப்படும் நேர்கோடு, மற்ற இரண்டு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் பிரிக்கும் என்பது அத்தேற்றம். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பு மிலேட்டஸ் நகரத்தில் வாழ்ந்த தேல்ஸ், எகிப்துக்குச் சென்றபோது பிரமிடின் உயரத்தை அதன் நிழலைக் கொண்டே அளந்தார் என்று சொல்லப்படும் கதையை அவர் விரிவாகக் கூறி, சிறுமியை மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்று, ஓர் அளவுகோலை நட்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழலையும் அளவுகோலின் நிழலையும் அளக்கச் செய்து, வெயிலில் நின்றபடியே தொட்டியின் உயரத்தை ஒப்பித்துக் காட்டினார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட சிறுமி, "தாத்தா, இது வருமா?" என்று கேட்டாள். வரலாம் என்று பதில் வந்தது. "போன வருசம் வந்துச்சா?" என்றாள். அது அவருக்குத் தெரியவில்லை. அடுக்களையிலிருந்து தாயாரின் குரல், "அண்ணாச்சி, வர்றத மட்டும் சொல்லிக் குடுங்க. பிள்ளைக்கு நேரமில்ல" என்று கேட்டது. வருவதை மட்டும் சொல்லிக்கொடுக்கும் ஆற்றல் தேல்ஸுக்கே வாய்த்ததாகத் தெரியவில்லை. ஒரு சூரிய கிரகணத்தை அவர் முன்கூட்டிச் சொன்னதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் எழுதியிருக்கிறார் என்றாலும், கிரகணத்துக்குப் புக் பேக் கேள்வி, உள்ளே இருந்து கேட்கும் கேள்வி என்ற பாகுபாடு இல்லை.

வரைதல் வினாவின் நிலை வேறு. எட்டு மதிப்பெண் அதற்கு உண்டு என்பதால் அதை ஒருவரும் விடுவதில்லை. அடிப்பக்கம் 8 செ.மீ., உச்சிக்கோணம் 60 பாகை, உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்கு வரும் நடுக்கோடு 6 செ.மீ. என்று கொடுத்து முக்கோணம் வரையச் சொன்னால், மாவட்டத்தின் கடைசி பெஞ்சு மாணவரும் கவராயத்தைக் கையில் எடுத்துவிடுகிறார். நடுக்கோடு என்பது ஒரு முனையை எதிர்ப்பக்கத்தின் மையப்புள்ளியோடு இணைக்கும் கோடு. வரையும் கருவி பற்றி இங்கே ஒரு சொல். அரசு விலையில்லாமல் வழங்கும் கணித உபகரணப் பெட்டியில் கவராயம், கோணமானி, மூலைமட்டங்கள் எல்லாம் இருக்கின்றன. ஆயினும் மார்ச் மாதத்தில் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தால் கவராயத்தின் திருகு இளகிப்போய், அதில் செருகிய பென்சில் துண்டு ஆடாமல் நிற்பதற்காகக் கமர்கட் மிட்டாயின் தாளைச் சுற்றியிருப்பதும், கோணமானியின் 60 பாகை இருந்த இடம் மட்டும் தேய்ந்து வெறும் கண்ணாடியாக இருப்பதும் காணக்கிடைக்கின்றன. அப்படிப்பட்ட கருவியால் வரையப்படும் வட்டம் தொடங்கிய புள்ளிக்குத் திரும்பி வருவதில்லை. அரை மில்லிமீட்டர் தள்ளிப்போய் முடிகிற அந்த வட்டத்தின் வாயை அழுத்தமான பென்சில் கோட்டால் அடைக்கும் கலை, பாடநூலில் இல்லாவிட்டாலும், எல்லாப் பள்ளிகளிலும் கற்பிக்கப்படுகிறது.

நிகழ்தகவுக்கு வருவோம். பாடநூலின் கணக்குகள் 52 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டை மாணவர் அறிந்திருப்பதாக நம்பி எழுதப்பட்டவை. நான்கு வகை, வகைக்கு 13, கறுப்பில் 26, சிவப்பில் 26, முக அட்டைகள் 12 என்பவை தெரியாமல் ஒரு கணக்கும் நகராது. சீட்டுக்கட்டைக் கண்ணில் கண்டால் அடுப்பில் போடும் வீடுகளில் வளரும் பிள்ளைக்கு இது எங்கிருந்து தெரியும்? ஆகவே பிப்ரவரி மாதத்தில், குடும்பத்தாரால் ஆண்டு முழுவதும் பேசப்படாத ஒரு தாய்மாமன் வரவழைக்கப்படுகிறார். மனமகிழ் மன்றத்தில் பல ஆண்டுகள் பயிற்சி பெற்ற அவர், ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட் என்று நான்கு வகைகளையும் கையை விரித்துக் காட்டி விளக்கும்போது, அக்காவின் முகத்தில் தோன்றும் வெறுப்பும் மதிப்பும் கலந்த உணர்ச்சியைச் சொல்லால் எழுதிக்காட்ட இயலாது. ஐரோப்பாவில் நிகழ்தகவுக் கணிதமே சூதாட்டத்திலிருந்து பிறந்தது என்பதையும், பாதியில் நின்றுபோன ஓர் ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று 1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்கள்தான் அதன் தொடக்கம் என்பதையும் அறிந்தால் அந்த மாமன் இன்னும் நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்தது பகடை. ஆறு முகம் கொண்ட கனசதுரப் பகடைகள் இரண்டை உருட்டினால் கிடைக்கும் 36 விளைவுகளைப் பாடநூல் அலுக்காமல் எண்ணுகிறது. இங்குதான் ஒரு பெரும் அநீதி நிகழ்ந்துள்ளது. விருதுநகர் மாவட்டத்தின் திண்ணைகளிலும் முற்றங்களிலும் தலைமுறை தலைமுறையாக உருட்டப்படும் தாயக்கட்டை அப்பாடத்தில் இடம்பெறவே இல்லை. தாயக்கட்டை என்பது விரல் நீளமுள்ள பித்தளைக் கட்டை. அதன் நான்கு நீள முகங்களில் ஒன்று வெறுமையாகவும் மற்றவை முறையே ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள் கொண்டவையாகவும் இருக்கும். அவ்வாறான இரண்டைச் சேர்த்து உள்ளங்கைகளுக்கு இடையே உரசி உருட்டுவார்கள். ஆகவே கூறுவெளியில், அதாவது நிகழக்கூடிய எல்லா விளைவுகளும் அடங்கிய தொகுப்பில், 4ஐ 4ஆல் பெருக்கி 16 விளைவுகள் உள்ளன. இரண்டும் வெறுமையாக விழுந்தால் அது பூச்சியம் ஆகாமல் பன்னிரண்டு ஆகிவிடும் என்பது இந்த ஆட்டத்தின் பெருந்தன்மை.

இனி எண்ணலாம். தாயம், அதாவது ஒன்று, விழ வேண்டுமானால் ஒரு கட்டை வெறுமையாகவும் மற்றொன்று ஒரு புள்ளியாகவும் விழ வேண்டும். அதற்கு 2 வழி. எனவே நிகழ்தகவு 16இல் 2, அதாவது எட்டில் ஒன்று. இரண்டு விழ 3 வழி, மூன்று விழ 4 வழி, நான்கு விழ 3 வழி, ஐந்து விழ 2 வழி, ஆறு விழ ஒரே வழி, பன்னிரண்டு விழவும் ஒரே வழி. ஆறும் பன்னிரண்டும் ஒரே அளவு அரிதானவை என்பதும், இருந்தும் பன்னிரண்டுக்கு இரண்டு மடங்கு கட்டம் நகரலாம் என்பதும் இதிலிருந்து தெளிவாகும். தாயம் விழுந்தால்தான் காயை இறக்க முடியும் என்பதால், சராசரியாக எட்டு உருட்டல்களுக்கு ஒருமுறைதான் ஒருவர் ஆட்டத்துக்குள்ளேயே நுழைகிறார். பத்து முறை உருட்டியும் தாயம் விழாமல் போவதற்கு எட்டில் ஏழைப் பத்து தடவை தன்னோடு தானே பெருக்கிப் பார்க்க வேண்டும். அது ஏறத்தாழ 0.26 ஆகும். நான்கு பேர் ஆடும் ஆட்டத்தில் ஒருவர் இப்படி ஓரமாக உட்கார்ந்து மற்றவர்களின் காய்கள் மலை என்னும் கட்டங்களைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது விதியின் சதி அன்று என்பதும், அந்த ஒருவர் எப்போதும் ஒரே ஆளாக இருப்பது மட்டுமே சதி என்பதும் இதனால் பெறப்படும்.

இன்னும் உண்டு. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவை விழுந்தால் மறுபடி உருட்டலாம். அவற்றின் வழிகளைக் கூட்டினால் 2, 2, 1, 1 என 6. எனவே மறு உருட்டலுக்கான நிகழ்தகவு 16இல் 6, அதாவது எட்டில் மூன்று. ஆகையால் ஒருவரின் முறைக்குச் சராசரியாக 1.6 உருட்டல்கள் கிடைக்கின்றன. ஓர் உருட்டலின் சராசரி மதிப்பு 3.75. இரண்டையும் பெருக்கினால் 6. பின்னம் இல்லாமல், மிச்சம் இல்லாமல், முழு ஆறு. பெயர் தெரியாத யாரோ ஒருவர் கரிக்கட்டையால் தரையில் கட்டம் போட்டு உருவாக்கிய விதிகள் இப்படி ஒரு முழு எண்ணில் வந்து நிற்பதைக் கண்டு எந்தக் கல்வியாளரும் கண்கலங்கியதாகத் தெரியவில்லை. புள்ளியியலுக்கும் இதுவே போதும். தரவுகள் தம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைக் காட்டும் அளவு திட்ட விலக்கம். விலகல்களின் வர்க்கங்களுக்குச் சராசரி கண்டு அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் அது கிடைக்கும். தாயக்கட்டை உருட்டலுக்கு அது ஏறத்தாழ 2.54. திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால் மாறுபாட்டுக் கெழு. அது இங்கே ஏறத்தாழ 67.7 விழுக்காடு. பன்னிரண்டு என்ற விதியை நீக்கி, இரட்டை வெறுமையைப் பூச்சியமாகவே வைத்துக்கொண்டால் சராசரி 3, திட்ட விலக்கம் 1.58, மாறுபாட்டுக் கெழு 52.7 விழுக்காடு என்று இறங்கிவிடும். அதாவது அந்த ஒரே ஒரு விதிதான் ஆட்டத்தை ஆட்டமாக வைத்திருக்கிறது. எட்டாம் இயல் முழுவதையும் இரண்டு பித்தளைக் கட்டைகளைக் கொண்டே நடத்திவிடலாம் என்று மேற்படி ஓய்வுபெற்ற பெரியவர் சிறுமியின் தாயாரிடம் முன்மொழிந்தார். பரீட்சை நேரத்தில் தாயம் உருட்டச் சொல்கிறார் என்ற செய்தி அன்று மாலைக்குள் தெருவின் மறுமுனையை அடைந்துவிட்டது. கட்டைகள் பரணில் ஏறின.

முந்தைய ஆண்டு வினாத்தாள்களை வைத்து வரப்போவதைக் கணிப்பவர்களைப் பற்றிக் கூறாமல் இவ்வாய்வு முழுமை பெறாது. ஒரு வினா போன ஆண்டு வந்துவிட்டதால் இந்த ஆண்டு வராது என்று அவர்கள் கூறுகிறார்கள். வேறொரு வினா மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்து வருவதால் இந்த ஆண்டும் வரும் என்றும் கூறுகிறார்கள். இரண்டையும் ஒரே ஆள், ஒரே மூச்சில், ஒரே வெற்றிலையை மென்றுகொண்டு கூறுகிறார். இவர்களுடைய தரவின் நிலையையும் பார்க்க வேண்டும். இப்போதுள்ள பாடநூல் 2019இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 2020இல் நடக்க வேண்டிய தேர்வு கொரோனாவால் ரத்தாகி, காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களுக்கு 80 விழுக்காடும் வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடும் கொடுத்து எல்லோரும் தேர்ச்சி பெற்றனர். 2021இலும் தேர்வு இல்லை, அனைவரும் தேர்ச்சி. 2022இல் பாடத்திட்டம் குறைக்கப்பட்டது. இந்த விரல்விட்டு எண்ணத்தக்க வினாத்தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, நூறாண்டுகால மழை அளவை ஆராய்ந்த வானிலை அறிஞரின் உறுதியோடு மெனலாஸ் தேற்றம் வராது என்று அறிவிக்கிறார்கள். இவர்களைக் காட்டிலும் சிவகாசியின் தினசரி காலண்டர் நேர்மையானது. ஆடிப்பெருக்கன்று புதிய ஆல்பம் வெளியிட்டு, அடுத்த ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் பன்னிரண்டு ராசிகளுக்குப் பன்னிரண்டு சொற்களை அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். கணிதத் தேர்வன்று மிதுனத்துக்கு 'சோதனை' என்று போட்டிருந்தால் அதில் தவறே கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சொற்களில் ஒற்றுப்பிழை பார்த்தே ஒருவர் தம் கண்பார்வையைத் தொலைத்திருக்கிறார் என்பதும், அவருக்கு ஒருநாளும் 'தனலாபம்' பலிக்கவில்லை என்பதும் இங்கே தொடர்பற்ற செய்திகள்.

மாவட்டத்தின் பெருமையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1985இல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது முதல் தேர்ச்சி விழுக்காட்டில் முன்வரிசையில் நிற்பதை விருதுநகர் தன் பிறப்புரிமையாகவே கருதிவந்திருக்கிறது. வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் அது. அங்கே படித்து ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட காமராசர்தான் பிற்காலத்தில் மாநிலம் முழுவதற்கும் பள்ளிகளைத் திறந்தார். தீப்பெட்டிக்கு மருந்து தோய்த்துக்கொண்டிருந்த சிறு கைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துவரப் பட்ட பாடும் இந்த மண்ணுக்கு நினைவிருக்கிறது; ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பு எழுதுவதென்றால் பட்டாசு ஆலைக்குப் போய்வரும் ஒரு தாய்க்கு அது என்ன என்பதைக் கேலி செய்ய எந்த ஆய்வுரைக்கும் தகுதி இல்லை. கேலிக்குரியது தசமப் புள்ளிக்குப் பின்னால் நடக்கும் போர்தான். 2023இல் பன்னிரண்டாம் வகுப்பில் விருதுநகர் 97.85 விழுக்காட்டோடு முதலிடம் பெற்றது, திருப்பூர் 97.79. மிகப்பெரிய மதிப்பிலிருந்து மிகச்சிறிய மதிப்பைக் கழித்தால் கிடைப்பது வீச்சு. இவ்விரண்டின் வீச்சு 0.06. இருபதாயிரம் பேர் எழுதும் ஒரு மாவட்டத்தில் அது பன்னிரண்டு பேர், அதாவது இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்த ஓர் உருட்டல். இந்தப் பன்னிரண்டு பேருக்காகத்தான் தேர்வுக்கு முன்னால் மெல்லக் கற்போருக்கான கையேடுகளும், காலை ஸ்பெஷல் கிளாஸும், மாலை ஸ்லிப் டெஸ்ட்டும் நடக்கின்றன.

இத்தனை சோதனைகள் எதற்கு என்பதற்குப் பட்டாசுத் தொழில் ஒரு விளக்கம் தருகிறது. ஒரு லட்சுமி வெடி வெடிக்குமா என்பதை உறுதியாக அறிய ஒரே வழி அதை வெடித்துப் பார்ப்பது. அறிந்துகொண்ட பிறகு விற்க வெடி இருக்காது. எனவே ஒவ்வொரு உற்பத்தியிலிருந்தும் சிலவற்றை மட்டும் எடுத்துக் கொளுத்திப் பார்த்து, மற்றவை எப்படியிருக்கும் என்று ஊகிக்கிறார்கள். முழுமையிலிருந்து ஒரு பகுதியை எடுத்து முழுமையை மதிப்பிடும் இந்த முறைக்குக் கூறெடுப்பு என்று பெயர். ஐம்பதுகளில் இந்த முறையை நாட்டளவுக் கணக்கெடுப்பில் நிலைநிறுத்திய மகலனோபிஸின் பிறந்த நாளான ஜூன் 29ஐத்தான் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறார்கள். பள்ளிகளோ கூறெடுப்பை ஏற்பதில்லை. முதல் திருப்புதலில் ஒருமுறை, இரண்டாம் திருப்புதலில் ஒருமுறை, மூன்றாம் திருப்புதலில் ஒருமுறை என்று ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியே கொளுத்திப் பார்த்துவிட்டு, தீபாவளியன்று சத்தம் குறைந்துவிட்டதே என்று வருந்துகிறார்கள்.

தேர்வுக் காலத்தில்தான் விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலின் பங்குனிப் பொங்கலும் வருகிறது. ஊரே அக்கினிச் சட்டியும் பொருட்காட்சியுமாக இருக்கும்போது, குழாய் ஒலிபெருக்கிக்கு நேர் எதிர் வீட்டில் ஒரு பிள்ளை திட்ட விலக்கம் போட்டுக்கொண்டிருக்கும். தேர்வை அம்மன் தள்ளிவைக்கவில்லை, திருவிழாவைத் தேர்வுத்துறை தள்ளிவைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் சிக்கிய பிள்ளை, சாமி கும்பிடப் போன இடத்தில் ராட்டினத்தைப் பார்த்து, வெளிப்புள்ளியிலிருந்து ஒரு வட்டத்துக்கு வரையப்படும் இரண்டு தொடுகோடுகளும் சம நீளம் கொண்டவை என்பதை நினைவுகூர்வதாகப் பெரியவர்கள் நம்புகிறார்கள். பிள்ளை ராட்டினத்தில் ஏறக் காசு கேட்கிறது. கொடுப்பதில்லை.

தேர்வு முடிந்து பள்ளிக் கதவு திறந்ததும் வெளியே நிற்கும் கூட்டம் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை எழுதினாய் என்பதாக இருப்பதில்லை, "எதெல்லாம் விட்ட?" என்பதாகத்தான் இருக்கும். டியூஷன் சென்டரின் விடைக்குறிப்பு அதற்குள் எல்லாக் கைப்பேசிகளுக்கும் வந்திருக்கும். ஒரு மதிப்பெண் வினாக்களின் விடைகளை வேப்பமர நிழலில் நின்று ஒப்பிட்டு, மூன்று மணி நேரம் தைரியமாக இருந்த பிள்ளைகளை அங்கேயே அழவைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு அழைத்துச் செல்வார்கள். பக்கத்து வீட்டுச் சிறுமி தேல்ஸ் தேற்றம் வந்திருந்ததாகவும், அதை விட்டுவிட்டதாகவும் தெரிவித்தாள். தண்ணீர்த் தொட்டியின் உயரம் நினைவிருக்கிறதா என்று கேட்டதற்குச் சரியாகச் சொன்னாள்.

அதற்கடுத்த சில நாட்கள், வினாத்தாளில் அச்சுப்பிழை ஏதேனும் உண்டா என்ற தேடலில் கழிகின்றன. மாவட்டத்தில் புரூஃப் திருத்தத் தெரிந்தவர்களின் பேச்சுக்குக் காது கொடுக்கப்படுவது ஆண்டில் இந்த ஒரு வாரம்தான். ஓர் எண் மாறியிருக்கிறது, ஒரு குறி விடுபட்டிருக்கிறது, இந்த அளவுகளில் முக்கோணமே அமையாது என்று கண்டுபிடித்துச் சொல்பவருக்கு, அந்தத் தெருவில் ஒரு காபி கிடைக்கிறது. முன்பு அச்சகத்தில் இதே வேலைக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுத்ததைவிட அது கூடுதல் மதிப்புள்ளது. பிழை உண்மையென்று ஏற்கப்பட்டு மதிப்பெண் வழங்குவதாக அறிவிப்பு வரும் ஆண்டுகளில், பிழையைக் கண்டுகொண்டு பேனாவை நிறுத்தியவருக்கு அதனால் பயன் இல்லை. எதையும் கவனிக்காமல் வினா எண்ணை மட்டுமாவது ஓரத்தில் எழுதி, கீழே இரண்டு வரி கிறுக்கி வைத்தவருக்கு ஐந்து மதிப்பெண் உண்டு. சாய்ஸில் விட்டவருக்கு இல்லை.